வானொலியின் காகிதச் சரித்திரம்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் பெருமுயற்சியால் 1924-ஆம் வருஷம் மே மாதத்தில் தோன்றி, ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், மூன்று வருஷங்கள் சிரமத்தோடு நடந்து, 1927-இல் பணமுடையால் ஓய்ந்துபோயிற்று. அதன் கருவியைப் பெற்றுக்கொண்டு சென்னை நகரசபை 1930 ஏப்ரல் முதல் தேதி தொடங்கிய மாலை நிகழ்ச்சிகளை, சொந்தத்தில் ரேடியோ வாங்க வகையற்ற ஜனங்கள், மெரீனா கடற்கரையிலும் பூங்காக்களிலும் அமைந்த ஒலிபெருக்கிகளின் அருகே அமர்ந்து கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், மறுவருஷம் மே 16 அன்று திருச்சி நிலையமும் உதயமாயின.

இத்தனை வருஷத்து ஒலியில் நமக்கு மிஞ்சியது வெகு சொற்பம். வித்வான் பாடப்பாட அது அக்கணமே ஆகாயத்தில் கலந்து மறைந்தது. தட்டில் பதிந்து வைப்பதோ செலவு மிகுந்த காரியம். ஆகவே, பழைய நிலையங்களின் ஞாபகப் பொருள்களைத் தேடிச் சேர்க்கும் அன்பர்களைப் பொழுதுபோக்குக்காரர்கள் என்று ஒதுக்க என் மனம் இசைவதில்லை. அவர்கள் சரித்திரத்துக்குச் சாட்சி தேடுகிறவர்கள்.

அவர்கள் சேகரிப்பில் நான் தலையாயதாகக் கருதுவது, நிலையத்தார் வெளியிட்டுவந்த 'வானொலி' பத்திரிகையின் பழைய இதழ்களையே. எந்த நாளில் எந்த நாழிகையில் யார் பாடினார், யார் பக்கவாத்தியம், எவர் எதைப் பற்றிப் பேசினார் என்னும் விவரங்களை, ஒலி அழிந்த பின்னும் நமக்குச் சொல்ல வல்லவை அவை. தபாலாபீஸில் வருஷந்தோறும் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ லைசென்ஸ் புஸ்தகமோ, அம்முறையே எடுபட்டுவிட்ட இந்நாளில், எந்த ஊரில் எந்தக் குடும்பம் எப்போது ரேடியோ வைத்திருந்தது என்பதற்கு அத்தாட்சியாக நிற்கிறது. தொலைதூர நிலையத்தைச் சிற்றலையில் பிடித்து, கேட்ட தேதியையும் நேரத்தையும் நிகழ்ச்சியையும் எழுதியனுப்பிய நேயருக்கு, நிலையத்தார் ஒப்புநோக்கி உறுதிசெய்து அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

அழகான அட்டைப்படத்தை மட்டும் கத்தரித்துச் சட்டமிட்டு, நிகழ்ச்சி நிரலைக் கழிக்கும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. இதழை முழுமையாக வைப்பதும், அது எந்த ஊரில், எவர் வீட்டிலிருந்து, எந்த வருஷம் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன்வைப்பதும், சேகரிப்போர் இன்றே மேற்கொள்ள வேண்டிய காரியங்கள்.