கோவில்பட்டிக் கடைத்தெரு: கட்டடமும் ஓவியமும் சிறுதொழிலும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியர், அந்நிலத்திற் பிறக்கும் கருப்பொருள்களை வகுத்துரைக்கையில் தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் பறையையும் தொழிலையும் ஒரே நிரலில் வைத்தார். வழிபடு தெய்வமும் வயிற்றுக்கான தொழிலும் ஒரு நிலத்தின் ஈனில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். சிலப்பதிகாரமும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைப் புனைந்துரைக்கும் இளங்கோவடிகள், கண்ணுள் வினைஞராகிய ஓவியரைத் தனியிடத்தில் நிறுத்தவில்லை. மண்ணால் உருச்செய்வோரோடும் பொற்கொல்லரோடும் தையற்காரரோடும் தோல் வினைஞரோடும் சேர்த்தே எண்ணினார். ஓவியன் கடைத்தெருவைச் சேர்ந்தவன் என்பது அன்றைய வழக்கு. கலைக்கூடம் வேறு, கடை வேறு எனப் பிரித்து எண்ணும் வழக்கம் பின்னர் வந்ததாகும்.

இப்பழங் கருத்தைக் கைவிளக்காகக் கொண்டு, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த கோவில்பட்டியின் கடைத்தெரு வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிசல் என்றவுடன் இலக்கிய மாணவர் உள்ளத்தில் தோன்றுவது இடைசெவல் என்னும் சிற்றூரே. கு. அழகிரிசாமியும் (1923-1970) கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் அது. 2021இல் மறைந்த கி. ரா., கரிசல் வட்டாரத்தின் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதி கண்டவர். இவ்விருவர் வழியாகக் கரிசலை அறிந்த நாம், அதனை உழவும் மழையும் சம்சாரிகளும் மட்டுமே நிறைந்த உலகமாகக் கொண்டுவிட்டோம். அவ்வூரிலிருந்து 10 கல் தொலைவுக்குள் இருக்கும் கோவில்பட்டியில் நூற்பாலையும் தீப்பெட்டித் தொழிலும் நிழற்படக் கூடமும் ஓவியக் கூடமும் ஓங்கி வளர்ந்தன. அவை கரிசல் வாழ்வின் புறத்தே நின்றவை அல்ல. அதன் உள்ளே நுழைந்து கலந்தவை. இதற்குச் சான்று இடைசெவல் எழுத்திலேயே உண்டு. கி. ரா.வின் ‘கதவு’ என்னும் சிறுகதையில், வறிய வீட்டுச் சிறுவர் தாம் ஆடி மகிழும் கதவில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டி அழகு பார்க்கின்றனர். தீர்வை நிலுவைக்காகப் பின்னர்ப் பறிபோகும் அக்கதவில் ஒட்டிய அந்தச் சிறு தாள்தான் அவ்வீட்டின் ஓவியச் செல்வம். அத்தாள் எங்கே அச்சாயிற்று, யார் வரைந்தார், யார் கையால் ஒட்டப்பட்டது என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை.

நிலமும் மனையும்

கட்டட வரலாறு மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். கரிசல் மண் நீர் பட்டால் பருத்து விரியும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் எழுப்பிய சுவர், மண்ணின் அசைவுக்கேற்பத் தானும் அசைந்து பிளவுறும். ஆதலின் கரிசற் காட்டில் வீடு கட்டுவோர், கருமண்ணை அகழ்ந்து அதன் கீழுள்ள சுக்கான் படுகையையோ சரளையோ கண்ட பின்னரே கடைகால் இடுவர். அகழ்ந்த குழியில் மணலும் சரளும் இட்டு நிரப்புவர். மேலே தோன்றும் வீட்டினும் கீழே மறைந்த வேலைக்குச் செலவு மிகுதி. இதனாற்போலும் எளியோர் மனைகள் தாழ்ந்த மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக நின்றன. ஆண்டுதோறும் விழும் வெடிப்பை ஆண்டுதோறும் பூசி மெழுகிக் கொள்ளலாம் அல்லவா?

கல்லில் கைவன்மை காட்டும் மரபும் இப்பகுதிக்குப் புதிதன்று. அண்மையிலுள்ள கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்யப்பட்டது, முற்றுப்பெறாமலே நிற்பது. அதே குன்றில் சமணத் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கோவில்பட்டியின் பெயருக்கு ஏற்பச் செண்பகவல்லியம்மன் உடனுறை பூவனநாதர் கோயில் ஊரின் பழைய நடுவிடமாக விளங்குகிறது. எட்டயபுரம் பாளையப் பகுதியிலடங்கிய இவ்வூரின் முதற் கடைகள் கோயிலையும் சந்தையையும் சார்ந்து எழுந்தன எனக் கருதுவது பொருந்தும்.

இருப்புப்பாதை அந்நிலையை மாற்றியது. மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் பாதை 1876இல் திறக்கப்பட்டபோது, கரிசற் பருத்திக்குத் துறைமுகம் அண்மையாயிற்று. பருத்தி வண்டிகள் நிலையத்தை நோக்கித் திரும்பின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலை தோன்றியது; 1901இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்து, கருங்கண்ணி முதலிய பருத்தி வகைகளைப் பேணலாயிற்று. கோயிலைச் சார்ந்த பழைய ஊரோடு, நிலையத்தைச் சார்ந்த வாணிக ஊர் ஒன்று சேர்ந்து வளர்ந்தது. அவ்வாணிக ஊரில் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. முன்புறம் பலகைக் கதவு பொருத்திய கடை. பின்புறம் குடியிருப்பும் சரக்கறையும். வசதி மிக்கோர்க்கு மேலே மச்சு. தெருவை நோக்கிய திண்ணை, வழிப்போக்கர்க்கு இருக்கையாகவும் வணிகர்க்குப் பேரம் பேசுமிடமாகவும் பயன்பட்டது. இத்திண்ணையே அடுத்து வந்த தொழிலுக்குப் பட்டறையாகவும் ஆயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தீப்பெட்டி ஆபீசு

1922இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதித் தீர்வை உயர்ந்தபோது, உள்நாட்டில் அத்தொழில் தொடங்குவதற்கு வாய்ப்பு நேர்ந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்று மீண்ட வரலாறு பலரும் அறிந்தது. சிவகாசியிலிருந்து சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் அத்தொழில் பரவியது. பெருமுதலோடு வந்த சுவீடன் நாட்டு நிறுவனத்தாரின் இயந்திரத் தீப்பெட்டியோடு இவர்கள் போட்டியிட்டது கைத்திறனாலும் குறைந்த கூலியாலுமே. 1934இல் விதிக்கப்பட்ட உற்பத்தி வரியில் சிறு தொழிலகங்களுக்குக் காட்டப்பட்ட சலுகையும் அவை நிலைபெறத் துணை செய்தது.

வறட்சியே இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று என்பது வியப்பன்று. மருந்து முக்கிய குச்சியும் பசை தடவிய பெட்டியும் விரைந்து உலர வேண்டும். அதற்கு ஈரமற்ற காற்று வேண்டும். மழை பொய்த்த காட்டில் வேலையின்றி இருக்கும் கைகளும் வேண்டும். இவ்விரண்டும் கரிசலில் நிறைந்திருந்தன. மக்கள் அத்தொழிலகத்தைத் தொழிற்சாலை என்று கூறவில்லை. ‘தீப்பெட்டி ஆபீசு’ என்றே வழங்கினர். காட்டு வேலைக்குப் போகாது நிழலில் அமர்ந்து செய்யும் வேலை என்னும் மதிப்பு அச்சொல்லில் ஒளிந்திருக்கிறது போலும். குச்சியைச் சட்டத்தில் அடுக்குதல், மெழுகில் தோய்த்தல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல், பெட்டியில் அடைத்தல், படம் ஒட்டுதல் எனத் தொழில் பல கூறாகப் பிரிந்தது. அவற்றுள் தீப்பற்றும் இடரில்லாத பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கே சென்றது. மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் திண்ணைகளில் ஒட்டப்பட்டு, குரோசுக் கணக்கில் கூலி பெற்றன. இங்ஙனம் ஒரு தொழிலகத்தின் சுவர்கள் ஊர் முழுதும் விரிந்தன. கரிசல் மனையின் திண்ணையும் முற்றமும் அக்காலத்துத் தொழிற் கட்டடக்கலையின் பகுதிகள் என்று கூறினும் மிகையாகாது.

பெட்டிக்குள் இருக்கும் குச்சியில் ஒரு வணிகர்க்கும் மற்றொரு வணிகர்க்கும் வேறுபாடு சிறிது. வேறுபாட்டைக் காட்ட வேண்டுவது மேலொட்டிய படம். எழுத்தறியாதாரும் படத்தைச் சுட்டிக் கேட்டு வாங்குவர். ஆதலின் விலங்கும் பறவையும் மலரும் தெய்வமும் அச்சிறு சதுரத்தில் இடம்பெற்றன. இப்படங்களின் தேவை அச்சுத் தொழிலை வளர்த்தது. சிவகாசியில் கல்லச்சுக் கூடங்கள் பெருகின. அக்கூடங்கள் பின்னர் நாட்காட்டிப் படங்களையும் அச்சிட்டன. தீக்குச்சிக்கும் தெய்வப் படத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு அமைந்தது.

கொண்டைய ராஜுவும் மாணவரும்

இவ்வுறவில் கோவில்பட்டிக்குரிய பங்கு சி. கொண்டைய ராஜுவால் (1898-1976) வந்தது. சென்னை மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், திருவண்ணாமலையில் இரமண முனிவரை அடுத்துச் சில காலம் வாழ்ந்தார். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டி ஊர் ஊராகச் சென்றார். 1940களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்திருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவரிடம் பயின்று தாமும் புகழ்பெற்றனர். ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் ஒரே படத்தின் அடியிற் சேர்ந்து காணப்படுவதுண்டு. இது பட்டறை மரபு. சிற்பியும் தச்சரும் குருவின் கீழ் ஒருங்கிருந்து பணி செய்த பழைய முறை, கடைத்தெருவின் வாடகைக் கட்டடத்தில் புத்துயிர் பெற்றது எனலாம்.

இவர்தம் படங்களின் இயல்பை நோக்கும்போது மூன்று ஊற்றுகள் புலனாகின்றன. முதலாவது கோயில். தெய்வத்தின் கைகளும் படைக்கலங்களும் அணியும் ஆகம மரபில் வழுவாது அமைந்திருக்கும். இரண்டாவது நாடக மேடை. தெய்வம் காண்போரை நேர்நோக்கி நடுவே நிற்க, பின்னே தூணும் திரையும் பொய்கையும் மலையும் விரிந்திருக்கும். ஒளி முன்னிருந்து விழும். மூன்றாவது நிழற்படம். இவர்தம் மாணவருட் சிலர் நிழற்படத் தொழிலும் செய்தனர். முகத்தின் மென்மையும் தோலின் ஒளிநிழலும் அத்தொழிலால் வந்த பயிற்சி. 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தெய்வப் படங்களை நாடெங்கும் பரப்பிய இரவிவர்மாவின் தாக்கமும் இதில் உண்டு. ஆயின் இரவிவர்மாவின் தெய்வங்கள் மானிடப் பெண்ணின் சாயலை மிகுதியும் கொண்டவை. கோவில்பட்டித் தெய்வங்களோ கருவறையிலிருந்து எழுந்து வந்தவை போன்றவை. படத்தை வாங்கியோர் அதனைச் சட்டமிட்டு, பொட்டிட்டு, பூச்சூட்டி வழிபட்டமைக்குக் காரணம் இதுவே. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் இவ்வோவியரைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ்த் துறைகள் அவ்வளவு கருத்துச் செலுத்தின என்று சொல்வதற்கில்லை.

இப்படங்கள் மக்களை அடைந்த வழியும் கருதத்தக்கது. நாட்காட்டியின் மேற்பகுதியில் தெய்வம். கீழே ஒழிந்த இடத்தில் மளிகைக் கடையின் பெயரோ ஜவுளிக் கடையின் பெயரோ. ஆடிப் பதினெட்டை ஒட்டிச் சிவகாசியில் புதிய மாதிரித் தொகுதிகள் வெளிவர, வணிகர் அவற்றைப் பார்த்துப் படத்தைத் தெரிந்தெடுப்பர். வாடிக்கையாளர்க்கு அது விலையின்றிக் கிடைக்கும். அரசரும் வள்ளல்களும் புரந்த கலையைப் பார்த்திருக்கிறோம். அரிசிக் கடைக்காரரும் எண்ணெய்க் கடைக்காரரும் புரந்த கலை இது. இதனை ‘மலிவுக் கலை’ என்று ஒதுக்குவோர், மருவூர்ப்பாக்கத்து ஓவியரைப் பாடிய புலவரினும் தம்மைச் சிறந்தவராகக் கருதுவோரே ஆவர்.

ஓவியம் மட்டுமன்றி இசையும் இவ்வூரில் இடங்கொண்டது. நாகசுர வல்லுநர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) கோவில்பட்டியைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். நெல் விளையும் தாமிரபரணிக் கரையை விட்டுக் கலைஞர் கரிசலுக்கு வந்தமைக்கு, அங்கே எழுந்த வாணிகச் செல்வமும் போக்குவரத்து வசதியும் காரணமாதல் கூடும்.

மறைக்கலாகாத ஒரு கூறு

இவ்வரலாற்றை வளர்ச்சி ஒன்றாகவே காட்டுதல் நேர்மையாகாது. பெட்டியில் படம் ஒட்டிய விரல்களிற் பல சிறுவர் விரல்கள். பொழுது புலருமுன் ஊர்ப்புறத்துச் சிறுமியரை ஏற்றிச் சென்று இரவில் திரும்பவிட்ட வண்டிகளைக் கரிசலின் முதியோர் இன்றும் நினைவு கூர்வர். 1986இல் இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பின்னர்ப் பள்ளிக் கல்வி பரவியமையும், தொழிலில் இயந்திரம் புகுந்தமையும் அந்நிலையை மாற்றின. இப்பகுதியில் பிறந்த பூமணி, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் பட்ட துயரைக் ‘கருவேலம்பூக்கள்’ என்னும் திரைப்படமாக்கினார். கதவில் படம் ஒட்டி மகிழ்ந்த சிறுமியும் கூலிக்குப் படம் ஒட்டிய சிறுமியும் ஒரே நிலத்தின் மக்கள். ஒருத்திக்கு விளையாட்டாகிய அத்தாள், மற்றொருத்தியின் விளையாட்டுப் பருவத்தை விலையாகக் கொண்டது. கரிசலின் கலை வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருசேர எழுதவேண்டும்.

இன்றைய நிலையும் ஆய்வாளர் கடனும்

1964இல் நகராட்சியாகிய கோவில்பட்டி இன்று பெரிதும் மாறியுள்ளது. 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் நிலக்கடலையும் வெல்லமும் சிறுகடைக் கைத்திறனும் சேர்ந்து ஓர் ஊரின் பெயரைச் சட்டப்படி உரிமையாக்கின. தீப்பெட்டியின் விலை 2021 திசம்பரில் 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயாக உயர்ந்தது. மலிவான அயல்நாட்டுப் பற்றுவிப்பான்கள் தொழிலை நெருக்கவே, 20 ரூபாய்க்குக் குறைந்தவற்றின் இறக்குமதியை நடுவணரசு 2023இல் தடைசெய்தது. கி. ரா.வுக்கு 2022இல் கோவில்பட்டியில் நினைவரங்கம் திறக்கப்பட்டது. எழுத்தாளனுக்கு நினைவுக் கட்டடம் எழுந்தமை பெருமையே. அவன் எழுத்தில் வந்த திண்ணைகளும் பலகைக் கதவுக் கடைகளும் ஓவியக் கூடங்களும் இடிந்து, கற்காரை மாடங்கள் எழுகின்றமையையும் உடன் நோக்குதல் வேண்டும். இருப்பவர் வசதி நாடிக் கட்டுவதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. இடியுமுன் அளந்து வரைந்து வைக்க நம்மால் இயலும்.

கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் காட்டும் மதிப்பைத் தீப்பெட்டிப் படத் தொகுதிக்கும் பழைய நாட்காட்டிக்கும் கடைக் கணக்கேட்டுக்கும் காட்டுதல் தகும். எத்தெய்வம் எவ்வாண்டில் மிகுதியாக விரும்பப்பட்டது, எக்கடை எவ்வூர்வரை வாணிகம் செய்தது, எச்சொல் தொழிலோடு பிறந்து தொழிலோடு மறைந்தது என்பனவெல்லாம் அவற்றிலிருந்து அறியலாகும். சட்டம் அடுக்கிய முதியோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுக்கும் பணி, கி. ரா. தொடங்கிய அகராதிப் பணியின் தொடர்ச்சியேயாகும். பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு கடையையும் வினவி எழுதினாலும் பெரும்பயன் விளையும். தாள் எளிதில் எரிவது, கரையான் அரிப்பது. காலந் தாழ்த்தினால் கருப்பொருளை இழந்து முதற்பொருளாகிய நிலம் ஒன்றையே நாம் கரிசல் என்று பேசிக்கொண்டிருப்போம்.