சிடோவுடினும் இரத்தசோகையும்: ஒரு மருந்தின் வரலாறு

எச்.ஐ.வி. கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிறது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அதே கிருமி இரத்தத்தின் ஏனைய அணுக்களையும் நலியச் செய்கிறது என்பதும், கிருமியை அடக்க வந்த முதல் மருந்தே அந்த நலிவைப் பலருக்கு மேலும் கூட்டியது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆயினும் யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை காலம் என்ற கேள்விகளுக்கு, அமெரிக்காவின் முதல் சோதனைக் கூடங்கள் தொடங்கித் தாம்பரத்துச் சிகிச்சை மையம் வரை, பல வேளைகளில் விடை கூறியது ஒரு சொட்டு இரத்தத்தில் அளக்கப்பட்ட ஹீமோகுளோபினே ஆகும்.

கிருமி இன்னதென்று கண்டறியப்படுவதற்கு முன்பே, 1982இல், நியூயார்க் மருத்துவர்கள் ஒருபாலீர்ப்புடைய ஆண்கள் சிலரிடம் தட்டணுக்கள் காரணமின்றிக் குறைந்திருப்பதைப் பதிவு செய்தனர். காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறையத் துணைசெய்பவை தட்டணுக்கள். ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,50,000க்குக் குறையாமல் இருப்பவை. நோயாளியின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களே அவற்றின்மீது படிந்துவிட, மண்ணீரல் அவற்றை அயலானவை என்று கருதிச் சிதைத்துவிடுகிறது. எண்ணிக்கை மிகவும் தாழும்போது கணுக்காலைச் சுற்றிக் குண்டூசி முனையளவில் செம்புள்ளிகள் தோன்றும்; பல் துலக்கும்போது ஈறு கசியும். நோய் முற்றியவர்களிடம் இதைவிட மிகுதியாகக் காணப்பட்டது இரத்தசோகை, அதாவது உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களின் குறைபாடு. இரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையைக் கிருமியும் நீடித்த அழற்சியும் சோர்வுறச் செய்ய, காசநோய் போன்ற துணைத்தொற்றுகளும் ஊட்டக்குறைவும் அதனோடு சேர்ந்துகொண்டன.

இந்நிலையில்தான் சிடோவுடின் வந்தது. ஏ.இசட்.டி. என்ற பெயரால் அறியப்பட்ட இச்சேர்மத்தை 1964இல் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கென உருவாக்கினார். எதிர்பார்த்த பயன் கிட்டாமல் அது ஒதுக்கப்பட்டிருந்தது. டி.என்.ஏ. இழை கட்டப்படும்போது தைமிடின் என்னும் இயல்பான கூறுக்குப் பதிலாக நுழைந்து, இழை மேற்கொண்டு நீளாதபடி தடுப்பது அதன் வேலை. கிருமி தன்னைப் படியெடுக்கும் செயலை இது நிறுத்தும் என்பது 1985இல் உறுதிப்பட, 1986இல் 282 நோயாளிகளைக் கொண்டு சோதனை தொடங்கியது. போலி மாத்திரை பெற்ற 137 பேரில் 19 பேர் இறக்க, மருந்து பெற்ற 145 பேரில் ஒருவர் மட்டுமே இறந்திருந்த நிலையில், செப்டம்பரில் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டு அனைவருக்கும் மருந்து வழங்கப்பட்டது. 1987 மார்ச் மாதம் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

அதே சோதனையின் மறுபக்கத்தை இரத்தப் பரிசோதனைகள் காட்டின. மருந்து பெற்றவர்களில் 24 விழுக்காட்டினருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. போலி மாத்திரை பெற்றவர்களிடம் இது 4 விழுக்காடுதான். மருந்து உண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பலமுறை இரத்தம் ஏற்ற நேர்ந்தது. இதற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. ஓயாமல் பிரிந்து பெருகும் மஜ்ஜை அணுக்களும் அதே தைமிடினை நம்பி வாழ்பவை. கிருமிக்கு வைத்த தடை அவற்றின் பெருக்கத்தையும் கட்டுப்படுத்தியது. குறைவாகப் பிறந்த சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பருத்தும் இருந்தன. இந்தப் பருமனைக் கண்டே நோயாளி மாத்திரையைத் தவறாமல் உண்கிறாரா என்று மருத்துவர்கள் ஊகித்ததுண்டு.

தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் விழித்து உண்ண வேண்டியிருந்ததால், நேரம் வந்ததும் ஒலியெழுப்பும் மாத்திரைப் பெட்டிகளைப் பலர் சட்டைப்பையில் வைத்திருந்தனர். அந்த அளவு தேவைக்கு மிஞ்சியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நோய்க்குறிகள் தோன்றாதவர்களுக்கு 500 மில்லிகிராமும் பயன் தருகிறது என்றும், இரத்தத்துக்கு விளையும் கேடு அதில் குறைவு என்றும் 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும், 19 இறப்புகளுக்கு எதிரே ஓர் இறப்பைக் கண்டு முடிவெடுத்தவர்களை இன்றைய அறிவைக் கொண்டு பழிப்பது நேர்மையாகாது. அவர்கள் முன் வேறு மருந்து இருக்கவில்லை. 1988இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், இதே மருந்து தட்டணுக் குறைவை ஓரளவு நேர்செய்கிறது என்று அறிவித்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்: ஓரணுவை வாட்டிய மருந்து மற்றோரணுவைப் பெருக்கியது.

இரத்தசோகையைச் சமாளிக்க அமெரிக்காவில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று இரத்தம் ஏற்றுவது. மற்றொன்று, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதற்காகச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகப் போடுவது; சிடோவுடின் உண்போருக்கு இதை வழங்க 1990ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டும் பொருட்செலவு மிக்கவை. இந்த வசதிகள் இல்லாத நாடுகளில் இரத்தசோகை வேறொரு தீர்ப்பை வழங்கியது.

2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா, ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகிய மூன்று எச்.ஐ.வி. மருந்துகளையும் நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோது உலகமே வியந்தது. அதில் சிடோவுடின் இல்லை. ஸ்டாவுடின் மலிவு, ஹீமோகுளோபினைத் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கத் தேவையில்லாதது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 முதல் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது அதற்கெனத் தேர்ந்தெடுத்த முதல் மையங்களுள், 1928இல் காசநோய்க்கென நிறுவப்பட்ட தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஸ்டாவுடின், அதற்கு மேல் இருந்தால் சிடோவுடின் என்ற நெறி அரசு வழிகாட்டுதலில் இடம்பெற்றது. நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 55 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றிருந்ததாக 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறிய காலம் அது. கிருமி தொற்றுவதற்கு முன்பே சத்தின்றி வெளிறிப்போயிருந்த ஏழைப் பெண்ணுக்கு, கன்னத்தசை வற்றிப்போவதையும் பாதங்கள் எரிந்து மரத்துப்போவதையும் பின்விளைவாகக் கொண்ட ஸ்டாவுடினே வாய்த்தது. கையிலிருந்த மருந்துகளில் அதுவே அவருக்குப் பாதுகாப்பானது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்தத் தேர்வைச் செய்தது மருத்துவரைக் காட்டிலும் அவருடைய வறுமை என்பதையும் மறைக்கக் கூடாது.

2010இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. மஜ்ஜையை வாட்டாத டெனோஃபோவிரும், பின்னர் டொலுடெக்ராவிரும் முதல்நிலைச் சிகிச்சையில் இடம்பிடிக்க, 8 கிராம் என்ற எல்லைக்கோடு தன் முக்கியத்துவத்தை இழந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் காக்கும் பணியில் சிடோவுடின் இன்றும் நிலைத்திருக்கிறது. கருவுற்ற தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் அதைக் கொடுத்தால் பரவும் வீதம் 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைகிறது என்று 1994இல் வெளியான ஆய்வே அப்பணிக்கு அடிப்படையிட்டது. அவ்வாய்வில் மருந்து பெற்ற குழந்தைகளின் ஹீமோகுளோபின் மற்றக் குழந்தைகளுடையதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்து, 12 வாரத்திற்குள் ஈடாகிவிட்டது.