மெல்லினத்துக்குப் பின் நிற்கும் வல்லினம்

ஆங்கிலத்தில் மூக்கொலிகள் மூன்றுதான்: ம், ன், ங். தமிழிலோ ஆறு. ஆறோடு வளர்ந்த பிள்ளைக்கு மூன்றைக் கற்பிப்பதில் என்ன சிரமம்? பிறப்பிடத்தைப் பொறுத்தவரை ஒரு சிரமமும் இல்லை. மெல்லெழுத்துகள் வாயில் தத்தம் இடத்தில் பிறந்தாலும் மூக்கின் வளியால் ஒலிப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியல் அன்றே சொல்லிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவனை ‘ம்ம்ம்’ என்று நீட்டச் சொல்லி, நடுவில் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒலி சட்டென்று நின்றுபோகும். வகுப்பு சிரிக்கும், பாடமும் மனத்தில் நிற்கும்.

சிக்கல் மூக்கொலியில் இல்லை, அதை அடுத்து நிற்கும் வல்லினத்தில் இருக்கிறது. ‘பாக்கு’ என்பதில் உள்ள ககரம் வேறு, ‘பாங்கு’ என்பதில் உள்ள ககரம் வேறு. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் நம் வாயில் குழைந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை மாணவன் தன்னையறியாமல் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறான். எளிமையைச் சொல்லும் ‘சிம்பிள்’, சின்னத்தைச் சொல்லும் ‘சிம்பல்’ இரண்டும் அவனிடம் ஒன்றாகிவிடுகின்றன. தொலைக்காட்சி ‘ஆங்கர்’ கோபமாக மாறிவிடுகிறார். ‘செண்ட்’ என்று அவன் சொன்னால், அனுப்பியாயிற்றா, இனிமேல்தான் அனுப்ப வேண்டுமா என்பது கேட்பவருக்குப் புரியாது.

நோட்டு ஓரத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் வழக்கம் இதை இன்னும் வளர்க்கிறது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ‘சிம்ப்பிள்’ என்று பகரத்தை இரட்டித்து எழுதட்டும். பாதி வேலை முடியும். மீதிப் பாதி மூக்கொலியின் நீளத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வன்மையான ஒலிக்கு முன் வரும் மூக்கொலி குறுகும். குழைந்த ஒலிக்கு முன் நீளும். ‘சிம்ப்பிள்’ என்பதில் மகரத்தைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். தமிழ் வகுப்பில் மகரக்குறுக்கம் படித்தவனுக்கு மூக்கொலி குறுகும் என்பது புதுச் செய்தி அல்ல. ஆங்கில ஆசிரியர்தான் அதை நினைவூட்டுவதில்லை!

அடுத்தது சொல்லின் கடைசி. பேச்சுத் தமிழில் ‘மரம்’, ‘அவன்’ ஆகியவற்றின் இறுதி மெய் தேய்ந்து, முன்னுள்ள உயிர் மட்டும் மூக்கால் ஒலிக்கிறது. இதே பழக்கத்தில் குழுவைக் குறிக்கும் ‘டீம்’, பதின்பருவத்தைக் குறிக்கும் ‘டீன்’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். மருந்து எளிது: பக்கத்து மாணவனின் உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டீம்’ என்றால் உதடு மூடியே முடிய வேண்டும். ‘டீன்’ என்றால் உதடு திறந்திருக்க, நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொட வேண்டும்.

ஒலியியல் நூல்கள் அதிகம் வற்புறுத்துவது ஙகரத்தை. பாடகரைச் சொல்லும் ‘சிங்கர்’ என்பதில் ககர ஒலியே கிடையாது. விரலைச் சொல்லும் ‘ஃபிங்கர்’ என்பதில் உண்டு. வினைச்சொல்லோடு விகுதி சேர்ந்து வந்தால் ககரம் ஒலிக்காது, பகுதிக்குள்ளேயே இருந்தால் ஒலிக்கும். ‘லாங்கர்’, ‘ஸ்ட்ராங்கர்’, ‘யங்கர்’ ஆகிய ஒப்பீட்டுச் சொற்கள் விலக்கு. அங்கே ககரம் உண்டு. தனி ஙகரத்துக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம். விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் மாணவன் எழுதும் ‘இங்ஙனம்’ என்ற சொல்லே போதும். அதை ‘இங்கனம்’ என்று படிக்காமல் எழுதியபடி படிக்கப் பழக்கினால் ஒலி கிடைத்துவிடும். மாங்காயை ‘மாங்ங’ என்று சொல்லும் மலையாளப் பிள்ளைக்கு அந்தப் பயிற்சிகூடத் தேவையில்லை.

ஆனாலும் இதற்காக வகுப்பு நேரத்தை வாரி இறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்பூல் வட்டாரங்களில் ஆங்கிலேயர் பலரே ‘சிங்கர்’ என்பதில் ககரத்தை ஒலிக்கிறார்கள். அதனால் பொருள் கெடுவதில்லை. ‘சிம்பிள்’, ‘சிம்பல்’ குழம்பினால் பொருள் கெடும். ஆசிரியர்கள் முதலில் அந்த வல்லினத்தைத் திருத்தட்டும், பிறகு சொல்லின் இறுதி மெய்யை. ஙகரம் கடைசியில் வந்தால் போதும்.