தேடுபொறிகளும் ஆய்வுத்தகவல் தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆராய்ச்சி என்பது புதியதைக் காண்பது மட்டுமன்று. முன்னையோர் கண்டவற்றை அறிந்துகொள்வதுமாகும். ஒரு துறையில் இதுவரை எழுதப்பட்டவை யாவை, அவை எங்கே கிடைக்கும், அவற்றுள் பொருட்படுத்தத்தக்கவை எவை என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணாமல் எந்த ஆய்வாளரும் தம் பணியைத் தொடங்குதல் இயலாது. இவ்வினாக்களுக்கு விடையளிப்பதையே தொழிலாகக் கொண்டு கடந்த இரு நூற்றாண்டுகளில் ஒரு பெருங் கைத்தொழில் வளர்ந்துள்ளது. சுட்டிகளைத் தொகுப்போர், ஆய்வுச்சுருக்கங்களை வெளியிடுவோர், தரவுத்தளங்களை நடத்துவோர், ஆய்வுச் சஞ்சிகைகளைப் பதிப்பித்து விற்போர் ஆகிய பலரையும் உள்ளடக்கிய இதனை ஆய்வுத்தகவல் தொழில் எனலாம். 1990களில் தோன்றி வளர்ந்த இணையத் தேடுபொறிகள் இத்தொழிலின் அமைப்பைப் பெரிதும் மாற்றின. அம்மாற்றம் எதனைப் பொதுவுடைமையாக்கியது, எதனைப் பொதுவுடைமையாக்காது விட்டது என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுட்டிகளின் தோற்றம்

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸ் நகரில் தெனி த சாலோ என்பவர் 'ஜூர்னல் தே சாவான்' என்னும் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் 'பிலசொபிக்கல் ட்ரான்சாக்சன்ஸ்' இதழை வெளியிட்டார். ஆய்வுச் சஞ்சிகைகளின் வரலாறு இவ்விரு இதழ்களிலிருந்தே தொடங்குகின்றது. தொடக்கத்தில் சஞ்சிகைகள் மிகச் சிலவே இருந்தமையால், ஓர் அறிஞர் தம் துறை சார்ந்து வெளிவந்த அனைத்தையும் வாசித்துவிடுதல் இயல்வதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஞ்சிகைகள் பெருகியதும் அந்நிலை மாறிற்று. வாசிப்பதற்கு முன் தேட வேண்டும் என்னும் தேவை எழுந்தது.

இத்தேவையை முதலில் நிறைவு செய்தவர்கள் வணிகர்கள் அல்லர்; அறிஞர் சங்கங்களும் நூலகங்களுமே எனலாம். ஐக்கிய அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தைக் கட்டியெழுப்பிய ஜோன் ஷா பில்லிங்ஸ் 1879இல் மருத்துவக் கட்டுரைகளுக்கான 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் சுட்டியைத் தொடங்கினார். அமெரிக்க இரசாயனச் சங்கம் 1907இல் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' என்னும் சுருக்கத் தொகுப்பை வெளியிடலாயிற்று. பல்லாண்டு காலம் அதன் சுருக்கங்களிற் பெரும்பகுதியை இரசாயனவியலாளர்களே தொண்டாக எழுதி உதவினர். பெல்ஜிய நாட்டினரான போல் ஒட்லே, ஹென்றி லா பொந்தேன் ஆகிய இருவரும் 1895இல் பிரசெல்ஸ் நகரில் தொடங்கிய உலகப் பொது நூற்பட்டியல், உலகில் அச்சான எல்லாவற்றையும் சிறு அட்டைகளிற் பதிந்துவிட முயன்றது. 1930களில் அவ்வட்டைகள் ஒரு கோடியைக் கடந்திருந்தன. அஞ்சலில் வினா அனுப்புவோருக்குக் கட்டணம் பெற்று விடை அனுப்பும் முறையும் அங்கு இருந்தது. இன்றைய தேடுபொறியின் முன்னோடி என இதனைக் கொள்வது பொருந்தும்.

மேற்கோட் சுட்டியும் வணிகத்தின் நுழைவும்

மேற்குறித்த சுட்டிகள் யாவும் ஓர் அடிப்படையில் ஒத்தவை. ஒரு கட்டுரையை வாசித்த மனிதர் ஒருவர், அஃது இன்ன பொருள் பற்றியது எனத் தீர்மானித்து, உரிய தலைப்பின்கீழ் அதனைச் சேர்ப்பார். இதற்குக் காலமும் பணமும் மிகுதியாக வேண்டியிருந்தன. ஒரு துறைச் சொல்லாட்சி மற்றொரு துறையினருக்கு விளங்காமையால் தேடுவோர் இடர்ப்படவும் நேர்ந்தது. யூஜீன் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில் வேறொரு வழியைக் காட்டினார். ஒவ்வோர் ஆய்வாளரும் தம் கட்டுரையின் இறுதியில் தாம் பயன்படுத்திய முன்னைய கட்டுரைகளைக் குறிப்பிடுகின்றனர். அக்குறிப்புகளைத் திரட்டித் தலைகீழாக அடுக்கினால், குறித்த ஒரு கட்டுரையைப் பின்னர் எவரெவர் எடுத்தாண்டனர் என்பது புலனாகும். அமெரிக்க வழக்குத் தீர்ப்புகளுக்கு 1873 முதல் நடைமுறையிலிருந்த 'ஷெப்பர்ட்' சுட்டியே அவருக்கு மாதிரியாயிற்று. பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1964 முதல் 'விஞ்ஞான மேற்கோட் சுட்டி'யை ஒழுங்காக வெளியிட்டு வந்தது.

இச்சுட்டியால் இரு விளைவுகள் ஏற்பட்டன. ஒன்று, பழைய கட்டுரையிலிருந்து புதிய கட்டுரைக்குச் செல்லும் வழி திறந்தது. மற்றொன்று, ஒரு கட்டுரை எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என எண்ணுதல் எளிதாயிற்று. தேடுவதற்கென ஆக்கப்பட்ட கருவி, காலப்போக்கில் அறிஞரையும் சஞ்சிகையையும் அளக்கும் கோலாயிற்று. பதவியுயர்வும் ஆய்வு நிதியும் அக்கோலைச் சார்ந்து நிற்கும் நிலை பல நாடுகளில் உருவாயிற்று. அக்கோலோ ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. 1992இல் அது தொம்சன் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

இதே காலத்திற் சஞ்சிகைப் பதிப்பும் பெருவணிகமாக மாறிற்று. 1951இல் றொபேட் மக்ஸ்வெல்லின் கைக்கு வந்த பேர்கமன் பதிப்பகம், போருக்குப் பிந்திய அறிவியல் வளர்ச்சியைப் பயன்படுத்திப் பல புதிய சஞ்சிகைகளைத் தொடங்கியது. 1991இல் அப்பதிப்பகத்தை எல்செவியர் நிறுவனம் 44 கோடி பவுணுக்கு வாங்கிற்று. கட்டுரை எழுதுவோரும், அதனை மதிப்பிடுவோரும், வாசிப்போரும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தினரே. எனினும், தம்மவர் எழுதியவற்றையே பல்கலைக்கழக நூலகங்கள் ஆண்டுதோறும் சந்தா செலுத்தி வாங்க வேண்டியிருந்தது.

கணினியின் வருகை தேடலை விரைவுபடுத்தியதேயன்றி உடனே மலிவாக்கவில்லை. 1972இல் வணிகச் சேவையாகத் தொடங்கிய 'டயலொக்' போன்ற தரவுத்தளங்கள், தொலைபேசி வழியே தொடர்பிலிருந்த நேரத்துக்குக் கட்டணம் அறவிட்டன. கட்டளைச் சொற்களை அறிந்த பயிற்சி பெற்ற நூலகரே தேடலை நிகழ்த்துவார். ஆய்வாளர் அருகிருந்து தம் தேவையைக் கூறுவார். மணித்தியாலக் கணக்கில் டொலர் செலுத்த இயலாத நாடுகளின் ஆய்வாளருக்கு இவ்வசதி பெயரளவிலேயே இருந்தது.

தேடுபொறியின் வருகை

1990களில் இக்கட்டமைப்பு தளரத் தொடங்கிற்று. 1991இல் பௌதிகவியலாளர் போல் ஜின்ஸ்பார்க் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் தொடங்கிய, பின்னர் 'ஆர்க்கைவ்' எனப் பெயர்பெற்ற களஞ்சியம், கட்டுரைகளை அச்சேறுமுன்னரே எவரும் இலவசமாகப் பெற வழிசெய்தது. 1997இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், பில்லிங்ஸ் தொடங்கிய பணியின் வழித்தோன்றலான தன் தரவுத்தளத்தை 'பப்மெட்' என்னும் பெயரில் உலகனைத்துக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. ஏறத்தாழ இதே வேளையில், நியூஜேர்சியிலுள்ள என்.ஈ.சி. ஆய்வு நிறுவனத்தினர் ஆக்கிய 'சைட்சீர்' என்னும் கருவி, இணையத்திற் கிடந்த கட்டுரைகளைத் தானே திரட்டி, அவற்றின் மேற்கோள்களையும் மனிதர் உதவியின்றிச் சுட்டியிட்டது.

1998இல் நிறுவப்பட்ட கூகிளின் அடிப்படைத் தத்துவமும் மேற்கோட் சுட்டியின் வழிவந்ததே என்பது நோக்கத்தக்கது. ஒரு பக்கத்தைச் சுட்டிநிற்கும் பிற பக்கங்களின் தொகையையும் தகுதியையும் கொண்டு அதன் முதன்மையைக் கணிக்கும் அம்முறை, அறிவுலகில் மேற்கோள்களை எண்ணும் வழக்கத்திலிருந்து தோன்றியதென அதனை ஆக்கிய லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோரே குறிப்பிட்டுள்ளனர். இவ்வாறு அறிவுலகிலிருந்து சென்ற கருத்து, 2004 நவம்பரில் 'கூகிள் ஸ்கொலர்' என்னும் வடிவில் அறிவுலகுக்கே திரும்பிற்று. அதனை அலெக்ஸ் வேர்ஸ்டாக்குடன் இணைந்து ஆக்கிய அனுராக் ஆச்சார்யா, இந்தியாவின் கரக்பூர் தொழினுட்ப நிறுவகத்திற் பயின்றவர். தம் மாணவப் பருவத்தில், வேண்டிய கட்டுரைகளுக்காக வெளிநாட்டு ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்ததையும், ஒரு கட்டுரை இருப்பதே தெரியாதபோது கடிதம் எழுதவும் வழியில்லாதிருந்ததையும் அவர் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். நமது பல்கலைக்கழகங்களில் அக்காலத்திற் பயின்றோருக்கும் இவ்வனுபவம் புதியதன்று.

பதிப்பகங்கள் தம் பூட்டிய களஞ்சியங்களைத் தேடுபொறியின் நிரல்கள் உட்புகுந்து படிக்க இணங்கியமையே இதில் முக்கியமான திருப்பமாகும். வாசகர் நூலகத்தின் வாயிலாக அன்றித் தேடுபொறியின் வாயிலாகவே வருகின்றார் என்பதை அவை உணர்ந்தன. எதிர்ப்பும் இல்லாமலில்லை. 'சைபைண்டர் ஸ்கொலர்' என்னும் சேவையை விற்றுவந்த அமெரிக்க இரசாயனச் சங்கம், 'ஸ்கொலர்' என்னும் பெயரைப் பயன்படுத்தியமைக்காக 2004 டிசம்பரில் கூகிள்மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது. எல்செவியர் 2001இல் தொடங்கிய 'சைரஸ்' என்னும் இலவசத் தேடுபொறி 2014இல் மூடப்பட்டது; ஆயின் அந்நிறுவனம் 2004இல் தொடங்கிய 'ஸ்கோப்பஸ்' என்னும் கட்டணத் தரவுத்தளம் நிலைபெற்றது. தேடுதற்குக் கட்டணம் பெறுதல் கடினமானபோது, அளப்பதற்குக் கட்டணம் பெறும் வணிகம் வளர்ந்ததென்பதை இது காட்டுகின்றது.

பயனும் எல்லையும்

தேடுபொறியின் முதற்பயன் சமத்துவமாகும். செல்வம் மிக்க பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்கும் தொலைதூரத்து மாணவருக்கும் ஒரே வினாவுக்கு ஒரே பட்டியலே பெரும்பாலும் கிடைக்கின்றது. பழைய கட்டுரைகளும் புத்துயிர் பெற்றன. 2013இல் எடுத்தாளப்பட்டவற்றுள் 36 சதவீதம் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ பழையவை என கூகிள் ஸ்கொலர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. எனினும், சமூகவியலாளர் ஜேம்ஸ் இவான்ஸ் 2008இல் 'சயன்ஸ்' இதழில் வேறொரு முடிவை வெளியிட்டிருந்தார். சஞ்சிகைகள் இணையத்துக்கு வரவர, ஆய்வாளர்கள் அண்மைக்காலத்தனவாகிய சில கட்டுரைகளையே திரும்பத்திரும்ப எடுத்தாளுகின்றனர் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை மறுத்தோரும் உளர். முதற்பக்கத்தில் வருவதை மட்டும் வாசித்து அமையும் பழக்கத்துக்கு அஃது ஓர் எச்சரிக்கை என்ற அளவில் இன்றும் பொருளுடையதே.

இரண்டாவது எல்லை விலையாகும். பட்டியல் இலவசம்; கட்டுரை இலவசமன்று. 2013இல் வெளியான ஆய்வுக்கட்டுரைகளிற் பாதிக்கு மேற்பட்டவை ஐந்து பெரும் பதிப்பகங்களின் கையிலிருந்தன என 2015இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் கணித்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் போன்ற வளமிக்க நிறுவனமே 2019இல் எல்செவியருடனான சந்தா உடன்படிக்கையைப் புதுப்பிக்க மறுத்து, 2021இலேயே புதிய உடன்படிக்கைக்கு வந்தது. 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாகியன் தொடங்கிய 'சை-ஹப்', பதிப்புரிமையை மீறிக் கட்டுரைகளை வழங்கியதும், உலகெங்கும் வாசகர் அதனை நாடியதும், இருப்பது தெரிந்தும் வாசிக்க முடியாமையின் விளைவுகளே.

மூன்றாவது எல்லை மதிப்பீடு பற்றியது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் சிறில் லபே, கணினி நிரலொன்றால் ஆக்கிய ஏறத்தாழ நூறு பொருளற்ற கட்டுரைகளை இணையத்தில் இட்டு, 'ஐக் அன்ட்கரே' என்னும் கற்பனை விஞ்ஞானியைப் படைத்தார். கூகிள் ஸ்கொலரின் தரவுகளைக் கொண்டு கணித்தபோது, அவ்விஞ்ஞானி உலகின் மிகுதியாக எடுத்தாளப்பட்டவர்களுள் ஒருவராக விளங்கினார். 2010இல் வெளியான இச்சோதனை, எண்ணிக்கை வேறு தகுதி வேறு என்பதைத் தெளிவாகக் காட்டிற்று.

நான்காவதாக, இலவசமாகத் தரப்படுவது நிலையானதென்று கொள்ளுதற்கில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனம் நடத்திய 'மைக்ரோசொப்ட் அக்கடமிக்' 2021இன் இறுதியில் மூடப்பட்டது. அதன் தரவுகள் திறந்த நிலையிலிருந்தமையால், அவற்றைக் கொண்டு இலாப நோக்கற்ற அமைப்பொன்று 2022 ஜனவரியில் 'ஓப்பன்அலெக்ஸ்' என்னும் பொதுச் சுட்டியைத் தொடங்க முடிந்தது. கூகிள் ஸ்கொலரின் தரவுகளோ அவ்வாறு பிறர் எடுத்துப் பேணத்தக்க நிலையில் இல்லை.

நமது கடன்

இவ்வரலாறு நமக்கும் உரியது. தேடுபொறி தான் கண்டதையே காட்டும். அச்சில் மட்டும் உள்ள தமிழ்ச் சஞ்சிகை அதற்குப் புலப்படாது. எழுத்துகள் வெறும் படமாக மட்டும் பதியப்பட்ட பக்கத்தையும் அது சொல் சொல்லாகத் தேடித் தருதல் அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர் உழைப்பாற் பதிந்துவருவதும், 2008இல் இலங்கைச் சஞ்சிகைகளுக்கென இணையத்தளமொன்று அமைக்கப்பட்டதும் இத்திசையில் முக்கியமான முயற்சிகளாகும். ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, சுருக்கம் ஆகியவற்றை ஒழுங்காக வகுத்து, திறந்த களஞ்சியங்களில் இடுதல் நமது சங்கங்களும் துறைகளும் மேற்கொள்ளத்தக்க பணியாகும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

தொகுத்து நோக்கின், தேடுபொறிகள் முதல் வினாவுக்கான விடையைப் பொதுவாக்கின. இரண்டாம் வினாவுக்கான விடை இன்றும் பெரிதும் சந்தாவுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றது. மூன்றாம் வினாவுக்கோ எந்தப் பொறியும் நமக்காக விடை கூறுதல் இயலாது. கட்டுரையை முழுமையாக வாசித்துத் தகுதி காணும் பயிற்சியைப் பல்கலைக்கழகமே அளித்தல் வேண்டும். கேட்ட வினாவுக்குக் கணினி தானே உரைநடையில் விடையெழுதித் தரும் இக்காலத்தில், அப்பயிற்சியின் தேவை முன்னையினும் பெருகியுள்ளதென்பதில் ஐயமில்லை.