உளச்சிதைவும் மூளைத்திசுவும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஒருவருக்கு ‘விசர்’ என்றால், வைத்தியசாலைக்கு முன்னே கட்டும் கழிப்பும் நினைவுக்கு வருவதை நாம் அறிவோம். தமிழகத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். மேல்நாட்டாரும் இதிற் குற்றமற்றவரல்லர். தாயின் போக்கே உளச்சிதைவை விளைக்கிறதென 1948இல் அமெரிக்க உளமருத்துவர் ஒருவர் எழுத, எத்தனையோ தாய்மார் வீண்பழி சுமந்தனர்.

இந்நோயை வகுத்துக்காட்டிய ஜெர்மானியர் கிரெப்பெலினோ அது மூளைநோய் என்றே கருதினார். அவரோடு பணியாற்றிய அல்சைமர், இறந்தோர் மூளைத்துண்டங்களை நுண்காட்டியின்கீழ் ஆராய்ந்தார். தம் பெயரால் இன்று வழங்கும் மறதிநோயின் அடையாளங்களை 1906இல் அவர் அறிவித்தார். உளச்சிதைவுக்கோ யாவரும் ஒப்பும் அடையாளம் அகப்படவில்லை. பல்லாண்டுகள் ஆய்வு தேங்கிற்று. 1976இல் ஈவ் ஜோன்ஸ்டன் குழுவினர் எடுத்த கதிர்ப்படங்களில், நாட்பட்ட நோயாளர் மூளையின் உள்ளறைகள் விரிந்திருக்கக் கண்டனர். 2016இல் அமெரிக்க ஆய்வாளர், நோயாளரின் மூளைத்திசுக்களில் ‘சி4’ மரபணுவின் செயல் மிகுந்திருப்பதைக் காட்டினர். நரம்பணு இணைப்புகளைக் களையும் வேலையில் அதற்குப் பங்குண்டு. ஆயினும் மரபணு முழுக்கதையன்று. புலப்பெயர்வும் நகர்ப்புற வாழ்வும் நோய்க்கு வழிகோலுகின்றன.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995இலிருந்து மூளைத்திசு வங்கி உள்ளது. இறந்தவரின் உறவினர் இசைந்தால் மட்டுமே அங்கே ஒரு மூளை சேர்கிறது.