மலை தேர்ந்தெடுத்த வண்டி: கொடைக்கானலும் எங்களோட முதல் கேம்பர் வேனும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வழக்கமா ஏதாவது ஒரு பழைய கதையில ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் வருவோம். இந்த வாரம் தலைகீழ். ஒரு எக்செல் ஷீட்ல ஆரம்பிக்கிறேன்.

நானும் என் மனைவியும் ஒரு பழைய வேன் வாங்கலாம்னு முடிவு பண்ணோம். ரெண்டு பேர் படுக்கணும், ஒரு டீ போடணும், லேப்டாப்பை வச்சு வேலை பார்க்கணும். அவ்வளவுதான். பட்ஜெட் 3 லட்சம். வீட்டுக்கு முன்பணமா சேர்த்து வச்சதுல இருந்து எடுக்கிற காசு. இதைக் கேட்டதும் எங்க அம்மா, "எல்லாரும் வீடு வாங்குவாங்க, அப்புறம் வண்டி வாங்குவாங்க. நீங்க ரெண்டையும் ஒண்ணா வாங்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

ஏன் வேன்? காரணம் குறிஞ்சி. பழனி மலையில நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். 2018-ல பூத்தப்போ நாங்க காலேஜ் கடைசி வருஷம். செமஸ்டர், பிளேஸ்மென்ட்னு சொல்லிட்டுப் போகல. அடுத்தது 2030. அதை எங்க சொந்த வண்டியில போய்ப் பார்க்கணும்னு ஒரு ஆசை.

ஷீட்ல 21 வண்டி. விலை, வருஷம், ஓடின கிலோமீட்டர், படுக்க எத்தனை அடின்னு காலம் போட்டேன். அதை ஒரு நாள் பார்த்துட்டு மனைவி சொன்னா: "டேய், இதுல வீட்டைப் பத்திதான் எல்லாம் இருக்கு. மலையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?"

சரியான கேள்வி. 200 வருஷமா இந்த மலைக்கு எந்த வண்டி ஏறிச்சு, எது ஏறலன்னு படிக்க ஆரம்பிச்சேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

வண்டி நின்ன இடம்

1821-ல லெப்டினன்ட் வார்டு பழனி மலையை சர்வே பண்றார். 1845-ல, மதுரையில காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களை இழந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல முதல் ரெண்டு பங்களாக்களைக் கட்டுறாங்க. சன்னிசைடு, ஷெல்டன்னு பேரு. குளிர் அவங்களுக்கு சொகுசு இல்ல, உயிர்ப் பிரச்சினை.

சரி, மேல எப்படிப் போனாங்க? 1870-கள்ல ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூர்ல, அதாவது இன்னைக்கு நாம கொடை ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன்ல இறங்கணும். அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கத்துல மலையடிவாரத்துத் தோப்பு வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கலாம். நம்ம ஊர் கூண்டு வண்டியை நினைச்சுப் பாருங்க. கீழ வைக்கோல், அது மேல ஜமக்காளம், தலைக்கு மேல வளைஞ்ச கூண்டு, கூஜாவுல தண்ணி, தூக்குல கட்டுச்சோறு, அச்சுக்குக் கீழ தொங்குற லாந்தர். உள்ள இருக்கிறவங்க தூங்கிட்டே போவாங்க. விடியும்போது வேற ஊர். கேம்பர் வேனை நாம யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிட்டோம்னு நினைச்சேன். நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு அது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போற சாதாரண வண்டி.

ஆனா தோப்போட வண்டி முடிஞ்சிடும். அதுக்கு மேல சுமார் 18 கிலோமீட்டர் மலைப்பாதை. நடக்கலாம், குதிரையில போகலாம், இல்லன்னா டோலி. நாற்காலியில மூங்கில் கட்டி, அதை ஆட்கள் தோள்ல தூக்கிட்டு ஏறுவாங்க. துரை, துரைசாணி, குழந்தை, பெட்டி, மளிகை, எல்லாம் மனுஷத் தோள்ல. கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர். முதல் பங்களாக்களோட பேரு நமக்குத் தெரியுது. தூக்கினவங்க பேரை யாரும் எழுதி வைக்கல.

அன்னைக்கு ஷீட்ல முதல் காலத்தைப் புதுசா சேர்த்தேன்: "யார் சுமக்கிறாங்க?" அப்போ அதுக்கு அர்த்தம் முழுசா புரியல. கடைசியில வருது.

ரோடு வந்த கதை

1863-ல மதுரை கலெக்டர் வேரே லெவிஞ்ச் ஒரு சதுப்பு ஓடையை அணை கட்டித் தேக்குறார். அதுதான் கொடைக்கானல் ஏரி. 1899-ல சூரிய ஆய்வகம் வருது. 1909-ல ஜான் எவர்ஷெட் அங்க உட்கார்ந்து, சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிக்கிறார். இன்னைக்கும் உலகம் பூரா அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. இது எல்லாமே மோட்டார் ரோடு இல்லாத மலையில நடந்தது.

ரோடு? மேஜர் லா பேர்ல இருக்கிற லாஸ் காட் ரோட்டுக்கு 1870-கள்லேயே திட்டம். வேலை முடிஞ்சது 1914. மக்களுக்குத் திறந்தது 1916. கிட்டத்தட்ட 40 வருஷம்! நம்ம ப்ராஜெக்ட் ரெண்டு ஸ்ப்ரின்ட் தள்ளிப்போனா மேனேஜர் கத்துறார்ல, அவருக்கு இதைச் சொல்லுங்க. வத்தலக்குண்டுல இருந்து இன்னைக்கு நாம ஏறுற பாதை இந்த லாஸ் காட்தான்.

இன்னொரு ரோடும் உண்டு. கொடைக்கானல்ல இருந்து பேரிஜம் வழியா மூணாறுக்கு. 1942-ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்ங்கிற பயத்துல, தப்பிச்சுப் போறதுக்காக அதைச் சீர்படுத்தினாங்க. அதனாலேயே 'எஸ்கேப் ரோடு'ன்னு பேரு. 1990-ல மூடிட்டாங்க. இப்போ அது காடு. பேரிஜம் போறதுக்கே வனத்துறை அனுமதி வேணும். "கொடை, மூணாறு ஒரே ரவுண்டு"ன்னு நாங்க போட்ட பிளான் அதோட போச்சு.

வேன் எங்கிருந்து வந்துச்சு

1947-ல பென் பான்ங்கிற டச்சு வியாபாரி ஒரு நோட்டுல பெட்டி மாதிரி ஒரு வண்டி வரையுறார். 1950-ல அது ஃபோக்ஸ்வாகன் வேனா வெளிய வருது. 1951-ல வெஸ்ட்ஃபாலியாங்கிற கம்பெனி அதுக்குள்ள படுக்கையும் அலமாரியும் வைக்குது. 60-கள்லயும் 70-கள்லயும் ஐரோப்பாவுல இருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியா இந்த மாதிரி வண்டிகள்ல இளைஞர்கள் இந்தியா வந்தாங்க. 1979-ல ஈரான்ல புரட்சி, அந்த வருஷக் கடைசியில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை. அந்தப் பாதை அடைஞ்சுபோச்சு.

அவங்க பின்னாடியே அந்த வண்டி நம்ம கடைத்தெருவுக்கு வரல. இறக்குமதி வரி, லைசென்ஸ் கெடுபிடி. நமக்குக் கிடைச்சது வேற. சென்னைக்குப் பக்கத்துல வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் வேன். 1969-ல ஜெர்மன் ஹனோமாக் லைசென்ஸ்ல வந்த பஜாஜ் டெம்போ மேட்டடோர். 1984-ல மாருதி வேன், அதாவது ஆம்னி. இதெல்லாம் ஊர் சுத்தப் பிறந்த வண்டி இல்ல. ஸ்கூல் பிள்ளைங்க, பால் கேன், ஆம்புலன்ஸ், பூக்கூடைன்னு உழைக்கப் பிறந்தது. ஆம்னி 2019-ல நின்னுபோச்சு. புது பாதுகாப்பு விதிகளுக்கு அந்தப் பழைய உடம்பு தாங்கல. முன்னாடி மோதினா காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு தகடுதான். வாங்கப் போறவங்க இதை மறந்துடக் கூடாது.

ரெண்டு வண்டி

21 வண்டி ரெண்டாச்சு.

முதல் வண்டி கோயம்புத்தூர்ல. வேனை ஏற்கெனவே கேம்பரா மாத்தி வச்சிருந்தாங்க. ஸ்க்ரூ போட்டு இறுக்கின கட்டில், ஸிங்க், உள்ளேயே கேஸ் அடுப்பு, மஞ்சள் விளக்கு. போட்டோ எடுத்தா அப்படியே இன்ஸ்டாகிராம். நான் மயங்கிட்டேன். மனைவி ஆர்.சி.யை வாங்கிப் பார்த்துட்டு, "இதுல 7 சீட்னு இருக்கு. மீதி சீட் எங்க?"ன்னு கேட்டா. விக்கிறவர் சிரிச்சுட்டு, "அதெல்லாம் யாரு கேக்கப்போறா"ன்னார்.

கேப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிற அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் இதைத்தான் அழுத்திச் சொல்லிச்சு. விபத்துன்னு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்ல சிக்கல் வரலாம். தூக்கி வச்சு, தூக்கி எடுக்கிற மடக்குக் கட்டில் வேற. வெல்டிங் பண்ணி சீட்டையே எடுத்துடறது வேற. அட்வான்ஸ் கொடுக்காம திரும்பிட்டோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த மஞ்சள் விளக்கு கண்ணுலயே நின்னுச்சு.

ரெண்டாவது வண்டி பெரியகுளம் பக்கம். 2018 ஆம்னி. கதவைத் தள்ளினதும் குப்புன்னு பூண்டு வாசம். வித்தவர் ஒரு பெரியவர். பூம்பாறையில இருந்து மலைப்பூண்டு ஏத்தி வடுகபட்டி சந்தைக்கு இறக்குறது அவர் தொழில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பூண்டு இந்த வண்டியிலதான் இறங்கிட்டிருந்திருக்கு.

நான் கேட்டேன்: "ஐயா, இதுல ரெண்டு பேர் படுக்க முடியுமா?"

அவர் பதில் சொல்றதுக்குள்ள அவர் மனைவி சிரிச்சுட்டாங்க. "ஏந்தாயி, கேளு இதை"ன்னு என் மனைவி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "சந்தைக்கு முந்தின ராத்திரி எத்தனை நாளு இதுலதான் படுத்திருக்கோம் நானும் அவுகளும். மூட்டையை ஒரு பக்கம் ஒதுக்கிட்டுக் காலை நீட்டிக்கிறது. மழை பெஞ்சா கதவைச் சாத்திக்கிறது. ஸ்டவ்வை மட்டும் வெளிய வச்சுக்குவோம், உள்ள பத்தவைக்கவே கூடாது."

நான் அந்த மஞ்சள் விளக்கை அங்கேயே மறந்துட்டேன். கேம்பர் வேன்ல வாழ்ந்த ஒரு ஜோடியைத் தேடி நான் போர்ச்சுகல் வீடியோவெல்லாம் பார்த்துட்டிருந்தேன். அவங்க பெரியகுளத்துல இருந்தாங்க. அவங்க அதுக்குப் பேரு எதுவும் வைக்கல.

மலை கேக்குற கேள்விகள்

வண்டி பார்க்கப் போறவங்களுக்கு, நாங்க கடைசியில வச்சுக்கிட்ட கேள்விகளைச் சொல்றேன்.

ஒண்ணு, மூச்சு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,000 மீட்டர் ஏறினா தோராயமா 10 சதவீதம் சக்தி குறையும். கொடைக்கானல்ல அஞ்சுல ஒரு பங்கு போயிடும். ஆம்னியோட 796 சிசி இன்ஜினுக்கு மொத்தமே 35 குதிரைசக்தி பக்கம். ரெண்டு பேர், படுக்கை, 20 லிட்டர் தண்ணி, போதும். ஃப்ரிட்ஜ் ஆசை வேண்டாம்.

ரெண்டு, சூடு. ஆம்னி இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழ இருக்கு. கூலன்ட்ல எண்ணெய்ப் படலம் இருக்கான்னு பாருங்க. அரை மணி நேரம் ஏத்தத்துல ஓட்டிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. நாங்க பெரியவரோட காட் ரோடு ஏறினோம். முள் பாதியைத் தாண்டல.

மூணு, இறக்கம். ஏறாத வண்டி ரோட்டோரம் நிக்கும். நிக்காத வண்டி பள்ளத்துல போகும். பிரேக் ஆயில் பழசானா தண்ணி கோத்து, சூட்டுல கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். வாங்கின அன்னைக்கே மாத்துங்க. எந்த கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல இறங்குங்க.

நாலு, தகடு. ஈரமும் மூட்டையும் பட்ட தரை. மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க. எங்க வண்டியில பின் கதவுக்குக் கீழ ஒரு இடத்துல துரு தின்னிருந்துச்சு. அதைக் காட்டி 12,000 ரூபா குறைச்சோம்.

அஞ்சு, பேப்பர். லோன் முடிஞ்சு ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கியாச்சா. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம். 2018 வண்டின்னா 2033 வரைக்கும். குறிஞ்சி 2030. கணக்கு சரியா வருது.

ஆறு, முதல்ல நான் போட்ட அந்தக் காலம். யார் சுமக்கிறாங்க?

2024 மே 7-ல இருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் வேணும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு வரம்பும் வச்சாங்க. நிறைய பேருக்கு எரிச்சல். எனக்கும் முதல்ல அப்படித்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. டோலி போயிடுச்சு, சுமை போகல. நம்ம வேன்ல சேர்ற அழுக்குத் தண்ணியை ரோட்டோரம் ஊத்தினா அது ஓடையில இறங்கும். அந்த ஓடைகள் கீழ வயலுக்கும் குடிதண்ணிக்கும் போகுது. பெரியகுளத்துல பூண்டு விக்கிற அந்த அம்மா வீட்டுக் குழாய்க்கும்தான் போகும். இந்தத் தடவை அவங்க பேரு நமக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம். அதனால ஒரு மூடி போட்ட 10 லிட்டர் கேன் வாங்கிட்டோம். எங்க அழுக்கை நாங்களே கீழ கொண்டுவருவோம். இரவுத் தங்கலும் ரோட்டோரம், காட்டோரம் இல்ல. அனுமதி கேட்டு, காசு கொடுத்து, தங்கும் விடுதி வளாகத்துலதான்.

வண்டி இப்போ வீட்டுக்குக் கீழ நிக்குது. அம்மா முதல் நாள் எலுமிச்சை வச்சு ஏத்தச் சொன்னாங்க. உள்ள எட்டிப் பார்த்துட்டு, "என்னடா இது, ரசம் வைக்கிற வாசம் வருது?"ன்னாங்க. மூணு தடவை கழுவியாச்சு, பூண்டு போகல. போக வேண்டாம்னுதான் இப்போ தோணுது.

2030-க்கு இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள நாங்க நல்லா ஓட்டக் கத்துக்கணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.