இருப்புப்பாதையும் புதையுண்ட மதுரையும்

பாண்டி நாட்டின் பழைய வரலாற்றை ஆராய்வார்க்குக் கிடைக்கும் தொல்பொருட் சான்றுகள் இருவகைப்படும். ஒன்று கண்முன் நிற்பது. மற்றொன்று மண்ணுள் மறைந்து கிடப்பது. மதுரையைச் சூழ்ந்த மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம், கீழவளவு முதலிய குன்றுகளிற் பொறிக்கப்பட்டுள்ள பழந்தமிழ் எழுத்துகள் முதல்வகையின. நெடுஞ்செழியன் பெயர் தாங்கிய மாங்குளக் கல்வெட்டை இராபர்ட் சீவல் 1882ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். வையைச் சமவெளியில் மண்மூடிக் கிடக்கும் ஊர்களோ இரண்டாம் வகையின. அவற்றை வெளிக்கொணர்வதும் மண்வெட்டியே. அறிவின்றிப் பயன்படுத்தின் அழித்தொழிப்பதும் அதுவே. நிலத்தைப் பெருமளவில் அகழும் பணிகளுள் ஒன்றாகிய இருப்புப்பாதை அமைப்புக்கும் தொல்லாய்வுக்கும் உள்ள தொடர்பினை, மதுரையை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இத்தொடர்பின் தொடக்கம் துயரமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலாகூர்–முல்தான் இருப்புப்பாதை இடப்பட்டபொழுது, அரப்பா மேட்டிலிருந்த சுட்ட செங்கற்கள் பாதைக்கு அடித்தளப் பரப்பாக அள்ளிச் செல்லப்பட்டன. ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்கு அவை போதியனவாயிருந்தன என அலெக்சாண்டர் கன்னிங்காம் பின்னர்க் குறித்தார். தயாராம் சகானி அங்கு 1921இல் அகழாய்வு தொடங்கியபொழுதும், சர் சான் மார்சல் 1924இல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தபொழுதும், அந்நகரின் மேலடுக்குகள் பல சிதைந்து போயிருந்தன. செங்கல் இழந்தது மட்டும் அன்று இழப்பு. எக்கல் எச்சுவரில், எவ்வடுக்கில் இருந்தது என்னும் செய்தியும் உடன் மறைந்தது. தொல்பொருளின் மதிப்பு அது கிடந்த இடத்தைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்தும்.

இனி மதுரைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த இருப்புப்பாதை 1875இல் மதுரையை அடைந்தது. அடுத்த ஆண்டில் தூத்துக்குடி வரை நீண்டது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் செல்லும் பாதை 1902இலும், போடிநாயக்கனூர்ப் பாதை 1928இலும் திறக்கப்பட்டன. இவை அமைந்த காலத்தில், பாதையின் உயர்கரைக்கு வேண்டிய மண்ணை இருமருங்கிலும் குழிதோண்டி எடுப்பது வழக்கம். ஆகவே பாதை செல்லும் அகலத்தினும் பன்மடங்கு பரப்பில் நிலம் கிளறப்பட்டது. மதுரையையடுத்த அனுப்பானடி, பரவை ஆகிய ஊர்களில் முதுமக்கள் தாழிகள் உள்ளமை 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டதாயினும், பாதை இடுமுன் நிலத்தை ஆராய்தல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றவில்லை.

இருப்புப்பாதையும் பழைய ஊரும் ஓரிடத்தே சந்திப்பது தற்செயலா எனின், அன்று என்க. வெள்ளம் ஏறாத மேட்டுநிலம், ஆற்றுக்கு அண்மை, கடலையும் உள்நாட்டையும் இணைக்கும் நேர்வழி ஆகியவற்றைப் பண்டைக் குடிமக்கள் நாடினர். பொறியியலாரும் அவற்றையே நாடுகின்றனர். மண்டபப் பாதை மதுரையிலிருந்து கீழ்த்திசையில் வையையின் போக்கை ஒட்டிச் செல்கின்றது. வையை கடலோடு கலக்கும் பகுதியில் அழகன்குளம் என்னும் பழந்துறை இருந்தது. அத்துறைக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட பழைய வணிகவழியும் இவ்வாற்றங்கரையை ஒட்டியே சென்றிருத்தல் கூடும்.

இக்கருத்துக்குக் கீழடி சிறந்த சான்றாகும். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், சிலைமான் புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் அமைந்தது அவ்வூர். இந்தியத் தொல்லியல் துறையினர் 2013–14இல் வையைக் கரை நெடுகிலும் கள ஆய்வு செய்து 293 தொல்லிடங்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலில், அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2015இல் அகழாய்வு தொடங்கிற்று. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டு, கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய ஊர்களிலும் அகழ்ந்தது. செங்கற் கட்டடங்களும், உறைகிணறுகளும், ஆதன் முதலிய பெயர்கள் கீறப்பட்ட மட்கல ஓடுகளும் கிடைத்தன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டொன்று கி.மு. 580ஐச் சார்ந்தது எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டிற்று. இவ்வளவும் மண்ணுள் இருக்க, 1902 முதல் நூற்றாண்டுக்கு மேலாக அதன் அண்மையிற் புகைவண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நாட்டுப்புறத்தின் நிலை இதுவாயின், மதுரை மாநகரின் நிலை யாது? நகரின் தென்மேற்கே பழங்காநத்தத்தை அடுத்த கோவலன் பொட்டலில் 1980ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த அகழாய்வில் தாழிகளும் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. நகரின் நடுப்பகுதியோ இடையறாது மக்கள் வாழும் இடமாதலின் ஆய்வுக்கு எட்டாததாயிற்று. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை, நகரினூடே ஒரு பகுதி நிலத்தடியிற் செல்லுமாறு, மெட்ரோ இருப்புப்பாதைக்குரிய விரிவான திட்ட அறிக்கை 2023இல் உருவாயிற்று. இத்தகைய திட்டம் எப்பொழுது நிறைவேறினும், ஒன்றை மனங்கொளல் வேண்டும். சுரங்கம் துளைக்கும் பொறி பெரும்பாலும் பண்பாட்டு அடுக்குகளுக்குக் கீழே செல்லும். நிலையங்களுக்குரிய குழிகளோ மேலிருந்து கீழ்வரை அவ்வடுக்குகளை ஊடறுத்துச் செல்லும். முன்னரே ஆராயின், வேறெவ்வாற்றானும் கிட்டாத மதுரையின் நிலவடுக்கு வரலாறு கிட்டும். ஆராயாது விடின் அஃது ஒரே கோடையில் அழியும்.

பிறநாட்டார் இதனைச் செய்து காட்டியுள்ளனர். இசுதான்புல் நகரின் எனிகாப்பி நிலையப் பணியில் 2004 முதல் நடந்த அகழாய்வில், பைசாந்தியக் காலத் துறைமுகமும் 37 மரக்கலங்களும் வெளிப்பட்டன. தெசலோனிக்கி நகரில் வெனிசெலு நிலையத்தில் கண்ட பழைய கற்றெருவை நிலையத்தின் பகுதியாகவே காத்து, 2024இல் பாதையைத் திறந்தனர். பணிகள் பல்லாண்டு தாழ்த்தன என்பது உண்மை. எனினும் பாதையும் கிடைத்தது, வரலாறும் கிடைத்தது.

நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் காக்கப்படும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் அளவிற் கட்டடம் எழுப்புதலைத் தடுக்கின்றன. ஆயின் அக்காப்பு, அறிவிக்கப்பெற்ற இடங்களுக்கே உரியது. கண்டறியப்படாத ஊருக்கு அறிவிப்பு ஏது? கீழடியும் 2013க்கு முன் வெறுந் தென்னந்தோப்பே.

இவ்விடத்திற்றான் தமிழாய்வாளர்க்குக் கடமை உண்டு. திடல், மேடு, பொட்டல், நத்தம் என முடியும் நிலப்பெயர்கள் பல, மக்கள் வாழ்ந்து நீங்கிய இடங்களைக் குறிப்பன. பள்ளிச்சந்தை என்னும் பெயரே, சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட பள்ளிச்சந்தம் என்னும் நிலக்கொடையை நினைவூட்டுவது. பாதை செல்லும் ஊர்களின் நிலப்பதிவேடுகளிலுள்ள இத்தகைய பெயர்களைத் தொகுத்து, கல்வெட்டுகளொடு ஒப்பிட்டு, பணி தொடங்குமுன் கொடுப்பின், எங்கே ஆய்வுக்குழி இடுதல் வேண்டும் என்பதைத் தொல்லியலார் எளிதிற் தெளிவர். இது பெருஞ்செலவு வேண்டாத பணி. தமிழ் முதுகலை மாணவர் செய்தற்குரிய பணி.

பழமையைக் காட்டிப் புதுமையைத் தடுப்பது எம் கருத்தன்று. வையைக்கரையில் உள்ள தாழி ஒவ்வொன்றையும் காத்தல் இயலாது என்பதும் உணரத்தக்கதே. ஆயின் பதிவின்றி அழித்தல் வேறு; அறிந்து, அளந்து, எழுதிவைத்த பின் வழிவிடுதல் வேறு. மதுரையைச் சங்க நூல்கள் வாயிலாக அறிந்து போற்றும் நாம், அந்நூல்கள் பிறந்த தெருக்களின் மண்ணை ஒருமுறையேனும் படித்தறியாது வண்டியேற்றி அனுப்புவோமாயின், அரப்பாவின் செங்கல்லை அள்ளியவரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லையாகும்.